கைடில் இல்லாத வாக்கியம்

தம்பி,

நீ சௌக்கியமான்னு கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க மாட்டேன். உன் சௌக்கியத்தை உன் பொண்டாட்டி செல்வி போன்ல விலாவாரியா சொல்லிட்டா. ஊர் ஊராப் போய் மெக்கானிக் பசங்களுக்கு டிராக்டர் வேலை கத்துக் குடுக்கற டிரெய்னர் வேலைக்கு உன் கம்பெனியில உன் பேரைத்தான் எழுதியிருக்காங்களாம். வர்ற திங்கக்கிழமை சென்னையில இன்டர்வியூவாம், முழுக்க இங்கிலீஷ்லதான் நடக்குமாம். நீ மேனேஜர்கிட்ட போய், எனக்கு இங்கிலீஷ் வராது சார், எனக்குப் பதிலா கூட வேலை செய்யற பையனை அனுப்புங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கறே. அந்த மேனேஜர் நல்ல மனுஷன் போல இருக்கு. சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் உன் பேரை எடுக்க மாட்டேன், யோசிச்சுச் சொல்லுன்னாராம். நீ யோசிக்க ஒண்ணும் இல்லன்னு வீட்டுக்கு வந்து ரெண்டு தோசையைத் தின்னுட்டு டிவி பாத்துக்கினு இருந்தியாம். சொல்லும்போதே செல்விக்கு அழுகை வந்துடுச்சு. "கம்பெனி புஸ்தகம் முழுக்க இங்கிலீஷ்லதான் இருக்குது மாமா. அதைப் படிச்சுத்தான் பசங்களுக்குத் தமிழ்ல சொல்லித் தர்றாரு. கேட்டா எனக்கு இங்கிலீஷ் வராதுன்றாரு. யாரு மாமா இவருக்கு அப்படிச் சொன்னது?"ன்னு கேட்டா. சொன்னது நான்தான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வாய் வரல. போனை உங்கம்மா கையில குடுத்துட்டு வெளியில போய் நின்னுக்கினேன்.

இதையெல்லாம் போன்லயே சொல்லிட்டா என்னன்னு உங்கம்மா கேக்கறா. நாம ரெண்டு பேரும் போன்ல பேசற லட்சணம் அவளுக்குத் தெரியாதா என்ன. சாப்டாச்சா, ஆச்சு, அங்க மழையா, இல்ல, இரு அம்மாகிட்ட குடுக்கறேன். இதுக்கு மேல ஒரு வரி பேசி எத்தனை வருஷம் ஆவுது? நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடறதும் இல்ல. சின்ன வயசுல தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி நைனா நைனான்னு கத்துவே. இப்போ எடுத்த எடுப்புல விஷயத்துல இருந்து ஆரம்பிக்கறே. நான் கவனிக்கலன்னு நெனைச்சுக்கினு இருக்கறியா? அதான் எழுதறேன். உங்கம்மா வியாழக்கிழமை விழுப்புரம் வர்றா, அவ கையில குடுத்து அனுப்பறேன். முப்பது வருஷம் திண்டிவனத்துல இங்கிலீஷ் வாத்தியார் வேலை பாத்தவன் தமிழ்ல எழுதறான், அதுவும் பேசற மாதிரியே எழுதறான்னு சிரிச்சா சிரிச்சுக்கோ. இந்த விஷயத்தை என்னால வேற மாதிரி எழுத முடியாது. ஒரு தடவை சுத்தத் தமிழ்ல ஆரம்பிச்சுப் பாத்தேன், பள்ளிக்கூட லீவு லெட்டர் மாதிரி இருந்துச்சு, கிழிச்சுப் போட்டுட்டேன்.

நீ பத்தாவது படிச்சப்போ உனக்கு இங்கிலீஷ் வாத்தியாரும் நான்தான், கிளாஸ் டீச்சரும் நான்தான். நம்ம வீடு அப்போ கிளியனூர் பக்கத்துல காலனியில. காலையில ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போவோம். திண்டிவனத்துல இறங்கினதும் நீ பத்தடி பின்னாடி வரணும். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிட்டா நைனா கிடையாது, சார்தான். வாத்தியார் வீட்டுப் புள்ளைங்க பல பேருக்கு இந்தச் சட்டம் உண்டு. நான் அதோட நிறுத்தல. நம்ம காலனியில இருந்து பி.எட். முடிச்சு வாத்தியாரா வந்த மொத ஆளு நான். ஸ்டாஃப் ரூம்ல நான் நுழைஞ்சா ஒரு நொடி பேச்சு நின்னு அப்புறம் வேற பேச்சு ஆரம்பிக்கும். அவரு பையன்தானே, மார்க்குக்கு என்ன குறைச்சல்னு எவனும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு எனக்கு அப்படி ஒரு பயம். அதனால வீட்டுப்பாடம் எழுதலன்னா மத்த பசங்களுக்கு ஒரு அடி, உனக்கு ரெண்டு. நீ கை தூக்கினா நான் பாக்காத மாதிரி அடுத்த பெஞ்சுப் பையனைக் கேப்பேன். அவன் முழிப்பான். உனக்குப் பதில் தெரியும்னு உன் முகத்துலயே எழுதியிருக்கும். நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். ஊர் வாய்க்குப் பயந்துக்கினு பெத்த புள்ளையை இப்படிப் பண்றீங்களேன்னு உங்கம்மா சண்டை போடுவா. உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா கிடன்னு அவ வாயையும் அடைச்சுடுவேன். இப்போ நெனைச்சா அவளுக்குத்தான் தெரிஞ்சிருக்குது.

உனக்கு இங்கிலீஷ் வரும்னு உன் ஒன்பது வயசுலயே எனக்குத் தெரியும். ஒரு பௌர்ணமிக்குத் திருவக்கரை போயிருந்தோமே, வக்கிரகாளியம்மனைப் பாத்துட்டு, கல்லாப் போன மரங்க இருக்கற இடத்துக்கும் போனோம். நாங்க எல்லாம் நெழலைத் தேடிக்கினு இருந்தோம். நீ இங்கிலீஷ் போர்டு முன்னாடி நின்னுக்கினு எழுத்துக் கூட்டி முழுசையும் படிச்சே. அப்புறம் உங்கம்மாவைக் கூப்பிட்டு, இந்த மரமெல்லாம் வேற எங்கியோ இருந்து வெள்ளத்துல அடிச்சுக்கினு வந்துச்சாம்மா, மண்ணுக்குள்ள அவ்ளோ நாள் படுத்துக்கினே கல்லாயிடுச்சாம்னு சொன்னே. ரெண்டு மூணு வார்த்தை உனக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. பக்கத்துல இருக்கற வார்த்தையை வெச்சு நீயே யூகிச்சிருக்கறே. அதான் இங்கிலீஷ் வர்றதுன்னா. என் கிளாஸ்ல மனப்பாடம் பண்ண எவனுக்கும் அது வந்ததில்ல, அதைச் சொல்லிக் குடுக்க எனக்கும் தெரியாது. அன்னிக்கு எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஆனா உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பாராட்டினா புள்ளைங்க கெட்டுடும்னு நெனைக்கற கூட்டம் நாங்க. கரும்பு ஜூஸ் வாங்கிக் குடுத்தேன், அது எதுக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்காது.

பத்தாவதுல ஃப்ரேசல் வெர்புன்னு ஒரு பேஜாரு உண்டு, ஞாபகம் இருக்குதா? ஒரு சின்ன வினைச்சொல்லுக்குப் பின்னாடி இன்னொரு குட்டிச் சொல்லை ஒட்டினா அர்த்தமே வேற ஆயிடும். கிவ் அப்னு போர்டுல எழுதினேன். கிவ்னா குடு, அப்னா மேலே. பின் பெஞ்சுல ஒருத்தன் எழுந்து, மேல தூக்கிக் குடுக்கறதா சார்னு கேட்டான். கிளாஸே சிரிச்சுது, நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் விட்டுவிடுன்னு ஒரே ஒரு தமிழ் வார்த்தையை எழுதிப் போட்டு, கைடுல இருந்த வாக்கியத்தைப் பத்து தடவை எழுத வெச்சேன். ஹி கேவ் அப் ஸ்மோக்கிங். அவர் புகை பிடிப்பதை விட்டுவிட்டார். பரீட்சைக்கு அது போதும். அன்னிக்குச் சாயந்திரம் வீட்டுல மல்லாட்டை உரிச்சுக் கடலையை முறத்துல போட்டுக்கினு இருந்தப்போதான் உனக்கு மட்டும் மிச்சத்தைச் சொன்னேன். ஒரு பழக்கத்தை விட்டாலும் கிவ் அப், முடியலடா சாமின்னு ஒரு வேலையைப் பாதியில கைவிட்டாலும் கிவ் அப். திருடன் தானாப் போய் போலீஸ்ல சரணடைஞ்சாலும் அதேதான். காணாமப் போன ஆளு இனிமே வர மாட்டான்னு நம்பிக்கை விட்டுப் போனாலும் அதேதான். தனக்குன்னு இருக்கற இடத்தை இன்னொருத்தருக்கு விட்டுக் குடுத்தாலும் அதேதான். நீ கடைசி அர்த்தத்தை மட்டும் ரெண்டாவது தடவை கேட்டே. பஸ்ஸுல சீட்டைக் குடுக்கறது மாதிரியான்னு கேட்டே. ஆமாம்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு மல்லாட்டையை உரிச்சேன். நீ எதை நெனைச்சுக் கேட்டேன்னு எனக்கு அப்போ உறைக்கல.

நம்ம பஸ் ஓமந்தூர் தாண்டினதும் ஒரு நிறுத்தத்துல எங்க ஹெட்மாஸ்டர் ஏறுவாரு. அவரு நல்ல மனுஷன், அதை முதல்லயே சொல்லிடறேன். என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவா பேசினதில்ல. எழுந்திருன்னு கண் ஜாடை கூடக் காட்டினதில்ல. ஆனா உன் தாத்தா அவங்க குடும்பத்து நிலத்துல வருஷம் பூரா வேலை பாத்தவரு. அந்த வீட்டு ஆளுங்க வரப்புல வந்தா உன் தாத்தா சேத்துல இறங்கி வழி விடுவாரு. நான் அதைப் பாத்துக்கினு வளந்தவன். அவங்க நிலத்துக் கேப்பைதான் எங்க வீட்டுக் கூழ். இன்னிக்கு எழுந்திருக்கக் கூடாது, நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்துல சம்பளம் வாங்கறவங்கன்னு கிளியனூர்லயே முடிவு பண்ணிக்கினுதான் பஸ் ஏறுவேன். அந்த நிறுத்தத்துல பஸ் நின்னதும் என் முட்டி என்னைக் கேக்காம நிமிர்ந்துடும். வாங்க சார், உக்காருங்க சார். அவரும் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு உக்காந்துக்குவாரு, உன் பக்கத்துல. திண்டிவனம் வர்ற வரைக்கும் நான் கம்பியைப் பிடிச்சுக்கினு தொங்குவேன். நீ ஜன்னல் வழியா வெளியில பாத்துக்கினு வருவே. நீ சும்மா வேடிக்கை பாக்கறேன்னு நெனைச்சேன்.

அரைப் பரீட்சை வந்துது. எங்க பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க புள்ளைங்களோட பேப்பரை வேற வாத்தியார்தான் திருத்தணும். அதனால உன் பேப்பர் இருந்த கட்டு முழுசும் ஸ்டெல்லா டீச்சருக்குப் போச்சு. அவங்களும் இங்கிலீஷ்தான், எனக்கு அடுத்த கிளாஸ் எடுத்தவங்க. திருத்தி முடிச்ச கட்டு, கிளாஸ் டீச்சர்ன்ற முறையில என் கைக்கு வந்துச்சு. எல்லார் பேப்பரையும் விட்டுட்டு உன் பேப்பரைத்தான் முதல்ல உருவினேன், எந்தத் தகப்பன் உருவ மாட்டான். கிவ் அப்பை வெச்சு சொந்தமா ஒரு வாக்கியம் எழுதுகன்னு கேள்வி, ரெண்டு மார்க். நீ எழுதியிருந்தே: மை ஃபாதர் கிவ்ஸ் அப் ஹிஸ் சீட் டு தி ஹெட்மாஸ்டர் எவ்ரி மார்னிங். என் அப்பா தினமும் காலையில தன் சீட்டை ஹெட்மாஸ்டருக்கு விட்டுக் குடுக்கறாரு. ஸ்டெல்லா டீச்சர் ரெண்டு மார்க்கும் போட்டு, ஓரத்துல வெரி குட்னு எழுதியிருந்தாங்க. எனக்குக் கன்னத்துல யாரோ அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஸ்டெல்லா டீச்சர் இதைப் படிச்சுட்டாங்க. ஸ்டாஃப் ரூம்ல எத்தனை பேருக்குப் படிச்சுக் காட்டினாங்களோ. ஹெட்மாஸ்டர் காதுக்குப் போனா என்ன ஆவும். என் மானத்தை என் புள்ளையே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துட்டானேன்னு மட்டும்தான் எனக்குத் தோணுச்சு. அந்த வாக்கியத்துல ஒரு தப்பு கண்டுபிடிக்க அதை நாலு தடவை படிச்சேன் தம்பி. ஒண்ணும் இல்ல. கிவ்ஸ்ல இருக்கற எஸ்ஸைக் கூட விடாம எழுதியிருந்தே. சிவப்புப் பேனாவை எடுத்தேன், வாக்கியத்து மேல ஒரு கோடு கிழிச்சேன், ரெண்டை அடிச்சு முட்டை போட்டேன். கூட்டல்ல ரெண்டு குறைச்சேன். கள்ளத்தனமா மார்க்கைக் கூட்டின தகப்பனைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பே. கள்ளத்தனமா குறைச்சவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அதோட விட்டிருந்தாலாவது பரவாயில்ல. கிளாஸ்ல உன்னை எழுப்பி நிக்க வெச்சேன். இந்த வாக்கியம் எந்த கைடுல இருக்குதுன்னு கேட்டேன். நீ, நீங்கதானே சார் சொந்தமா எழுதச் சொன்னீங்கன்னே. நெஜமாவே புரியாமத்தான் கேட்டே, உன் முகம் இன்னும் எனக்குக் கண்ணுல நிக்குது. "சொந்தமா எழுதச் சொன்னா சொந்தக் கதையை எழுதுவியா?"ன்னு கேட்டேன். நாப்பது பசங்களும் சிரிச்சானுங்க. கையை நீட்டச் சொல்லி ஸ்கேலால நாலு போட்டேன். நீ அழல. அன்னிக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸுல கூட்டமே இல்ல, என் பக்கத்துலதான் உக்காந்திருந்தே. கிளியனூர் கிட்ட வர்றப்போ, நைனான்னும் சொல்லாம சாருன்னும் சொல்லாம, "அந்த வாக்கியம் தப்பா?"ன்னு கேட்டே. அப்போவாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடம் இல்ல, எவனும் பாக்கல, நீயும் நானும்தான். "தப்புதான். உனக்கு இங்கிலீஷ் வராது. கணக்கையாவது ஒழுங்காப் படி"ன்னு சொன்னேன். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது. நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாம விட்டதும் அன்னிக்கு சாயந்திரத்துல இருந்துதான்.

ரெண்டு நாள் கழிச்சு ஸ்டெல்லா டீச்சர் தனியா வந்து பேசினாங்க. நான் மார்க்கை மாத்தினதை ரிஜிஸ்தர்ல பாத்திருக்காங்க. "நாப்பது பசங்க அவங்க பாக்காத எவனோ ஒரு சிகரெட்டுக்காரனைப் பத்தி எழுதினாங்க சார். உங்க பையன் ஒருத்தன்தான் பாத்ததை எழுதினான். அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க"ன்னாங்க. உங்களுக்கு அதெல்லாம் புரியாது டீச்சர்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் நீ சொந்தமா ஒரு வரி எழுதி நான் பாக்கல. பொதுப் பரீட்சையில கைடை அப்படியே வாந்தி எடுத்து வெச்சே, இங்கிலீஷ்ல பாஸ் மார்க்கைத் தாண்டினே, கணக்குல மட்டும் அள்ளினே. என் தீர்ப்பு சரியாப் போச்சுன்னு எனக்கு ஒரு திருப்தி கூட வந்துச்சுடா, அதையும் சொல்லிடறேன். பன்னண்டாவதுக்கு அப்புறம் விழுப்புரத்துல காலேஜ்ல பி.ஏ. இங்கிலீஷ் சேக்கலாமேன்னு ஸ்டெல்லா டீச்சர் மறுபடி சொன்னாங்க. உன்னைக் கேட்டேன். எனக்கு அது வராதேன்னு ரொம்ப சாதாரணமா சொன்னே, பேரு கேட்டா பேரு சொல்ற மாதிரி. டிப்ளமாவுல போய்ச் சேந்தே. நீ ஒண்ணும் கெட்டுப் போயிடல, நல்ல வேலைக்காரன்னு பேர் எடுத்திருக்கறே, குடும்பம் நல்லா இருக்குது. அதை வெச்சு நான் என்னை எவ்வளவோ வருஷம் தேத்திக்கினேன்.

போன மாசம் முட்டி வலிக்கு விழுப்புரத்துல டாக்டரைப் பாத்துட்டு உன் வீட்டுக்குக் கூட வராம திரும்பினேன்னு நீ கோவிச்சுக்கினியாமே. வந்திருந்தா இதைச் சொல்லியிருப்பேன், சொல்ல தைரியம் இல்லாமத்தான் ஓடி வந்துட்டேன். திண்டிவனம் பஸ்ஸுல உக்காந்திருந்தேன். விக்கிரவாண்டியில ஒரு பெரியவர் தடி ஊணிக்கினு ஏறினாரு. யாருன்னு என் மனசுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நான் எழுந்து நின்னுட்டேன். எங்க ஹெட்மாஸ்டர். நான் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷமாச்சு, என் முட்டி ரெண்டும் போச்சு, டாக்டர் நிக்காதீங்கன்னு சொல்லி ஒரு மணி நேரம் கூட ஆவல, நான் நிக்கறேன். பக்கத்துல இருந்த ஒரு அம்மா எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு, ரெண்டு தாத்தாவும் குந்துங்கன்னு சொல்லி எழுந்து முன்னாடி போயிட்டாங்க. அப்படித்தான் நானும் அவரும் வாழ்க்கையில மொத தடவையா ஒரே சீட்டுல உக்காந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பிச்சாரு. "நீங்க தினம் எழுந்துக்கும்போது வேணாம்னு சொல்லணும்னு நெனைப்பேன் சார். ஆனா உக்காந்துக்குவேன்"ன்னாரு. எனக்கு என்ன ஆச்சோ, என் பையன் அதை வெச்சு ஒரு வாக்கியம் எழுதினான் சார்னு சொல்லிட்டேன். என்ன வாக்கியம்னு கேட்டாரு. சொன்னேன். பதினேழு வருஷம் ஆச்சு, ஒரு எழுத்து மாறாம வாயில வந்துச்சு. நான் முட்டை போட்டதையும் அடிச்சதையும் சொன்னேன். அவரு தடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினு அந்த வாக்கியத்தைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பாத்தாரு. அப்புறம், "சரியாத்தானே சார் எழுதியிருக்கான்"ன்னாரு. எந்த மனுஷன் காதுக்குப் போயிடக் கூடாதுன்னு உன் கையில அடிச்சேனோ, அவரே சரின்னு சொல்லிட்டாரு. பையன் இப்போ என்ன பண்றான்னு கேட்டாரு. டிராக்டர் கம்பெனியில இருக்கான்னேன். இங்கிலீஷ் படிக்க வெச்சிருக்கலாமேன்னாரு. நான் கூட்டேரிப்பட்டு வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினு வந்தேன். அவரு பாத்திருப்பாரு, கேக்கல.

இப்போ தெளிவா எழுதிடறேன், அப்புறம் எனக்கு தைரியம் போயிடும். அந்த வாக்கியம் சரி. அன்னிக்கே சரின்னு எனக்குத் தெரியும். உனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நான் சொன்னது பொய், தெரிஞ்சே சொன்ன பொய். அதை நீ வேத வாக்கா எடுத்துக்குவேன்னு நான் நெனைக்கல, ஆனா எடுத்துக்காம எப்படி இருப்பே, இங்கிலீஷ் வாத்தியார் சொன்னா, அதுவும் பெத்தவன் சொன்னா. நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன் தம்பி. கேக்கறதால நீ குடுத்தாகணும்னு இல்ல.

கூட வேலை செய்யற பையனுக்கு விட்டுக் குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கறே. கேக்கறவங்க உன்னைப் பெரிய மனசுக்காரன்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தக் காரியம் நல்லாத் தெரியும்டா, தினமும் காலையில நான் பண்ணினதுதான் அது. அவன் உன்னைக் கேக்கல, மேனேஜர் உன்னைக் கேக்கல, நீயா எழுந்து நின்னுட்டே. இதை நான் உனக்குச் சொல்லிக் குடுக்கல, ஆனா நீ என் பக்கத்துல உக்காந்துக்கினு தினம் பாத்தியே. இன்டர்வியூவுக்குப் போன்னு கட்டளை போட எனக்கு யோக்கியதை இல்ல. நீ போகலன்னாலும் உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த வேலை வேணாம்னு தோணினா வேணாம்னு சொல்லு. இங்கிலீஷ் வராதுன்னு மட்டும் சொல்லாதே.

நீ போனேன்னா, உன்னைப் பத்தி, உன் குடும்பத்தைப் பத்திச் சொல்லுன்னு முதல்ல அதைத்தான் கேப்பாங்க. பாதிப் பேர் மனப்பாடம் பண்ணதை ஒப்பிப்பாங்க. நீ அப்படிப் பண்ணாதே. உன் தாத்தா யார் நிலத்துல வேலை செஞ்சாரு, உன் அப்பன் எந்த பஸ்ஸுல எதுக்கு எழுந்து நின்னான், உன் கையில எதுக்கு அடிச்சான், எல்லாத்தையும் சொல்லு. உனக்கு வர்ற இங்கிலீஷ்ல, உன் வாக்கியமாவே சொல்லு. எத்தனை பெரிய ஆபீசருங்க உக்காந்திருந்தாலும் சரி, சொல்லு. எனக்கு வெக்கமா இருக்குமேன்னு பாக்காதே. வெக்கமா இருந்தா அது என் பாடு.

உன்னைப் பெத்தவன்,
திண்டிவனம்.